விடை தெரிந்த நாடகங்களும் ஓட்டமாவடி மண்ணும்

நம்மட பகுதிப் பாடசாலைகளில் சுகாதார நாடகத்துக்குக் குறைவில்லை. டெங்கு ஒழிப்புக்கு ஒன்று, போதை ஒழிப்புக்கு ஒன்று என்று ஆண்டு முழுக்க நடக்கிறது. கதைப்போக்கும் எல்லோருக்கும் பாடம். நோயாளி வீம்பு பிடிப்பார், பக்கத்து வீட்டு மாமி பிழையான கைமருந்து சொல்லுவா, கடைசியில் வெள்ளைக் கோட்டோடு டொக்டர் வந்து ஒரு பிரசங்கம் செய்வார். நுளம்புக்கு இது போதும். தண்ணீர் தேங்கிய சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லைதானே. ஆனால் மருத்துவ அறம் என்று வந்தால் இந்த அச்சு செல்லாது. அங்கே டொக்டருக்கே விடை தெரியாமல் இருக்கலாம். அல்லது இரண்டு டொக்டர்மார் இரண்டு விடை சொல்லலாம்.

மருத்துவ அறத்தை இளைஞரோடு பேச நாடகத்தைக் கையாள்வது புதுக் கண்டுபிடிப்பல்ல. லண்டனில் 1989இல் தொடங்கிய 'வை டூரிங்' நாடகக் குழு மரபணுப் பரிசோதனை, குருத்தணு ஆய்வு, விலங்குகளில் நடத்தும் மருத்துவச் சோதனை போன்றவற்றை நாடகமாக்கிப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனது. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் பாத்திரங்களோடு வாதாடினார்கள், வாக்களித்தார்கள். ஈழத்துத் தமிழ் அரங்கிலும் மருத்துவம் வராமலில்லை; குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் விட்டுச் சென்ற மனவடுவை மேடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவியை ஒட்டிக் கிடக்கும் நம் ஊர்களுக்கு இதற்கான பொருளை வெளியிலிருந்து இறக்கத் தேவையில்லை. அது சூடுபத்தினசேனை மண்ணிலேயே கிடக்கிறது.

நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கொவிட் உடல்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இல் வழிகாட்டியது. இலங்கையில் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலக்கீழ் நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன குழந்தையின் ஜனாஸாவும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதன் பிறகு பொரளை கனத்தையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஓராண்டு காலம் நாடு முழுவதற்கும் ஒரே இடமாக ஓட்டமாவடி மஜ்மா நகர் இருந்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள், அவர்களில் பிற மதத்தவரும் உண்டு. கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

இதை யாராவது நாடகமாக்கினால் எப்படி வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். கொடுமைக்கார டொக்டர் ஒருவர், கதறும் உம்மா ஒருத்தி, பின்னணியில் சோகப் பாட்டு. பார்ப்பவர் கண் கலங்கும், கலங்கத்தான் வேண்டும். ஆனால் டெங்கு நாடகத்துக்கும் இதற்கும் அமைப்பில் வித்தியாசமில்லை. நல்லவர் யார், கெட்டவர் யார் என்பது திரை விலகும் முன்பே முடிவாகி விட்டது.

உண்மையான நாடகம் மருத்துவர்களுக்கு உள்ளேயே நடந்தது. அரசின் நிபுணர் குழு எரிப்பதையே சொல்லிக்கொண்டிருந்தபோது, சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் 2020 முடிந்து 2021 பிறக்கும் நேரத்தில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லின. இரண்டு பக்கத்திலும் அதே வெள்ளைக் கோட்டுதான். அப்படியானால் "விஞ்ஞானம் சொல்லிற்று" என்றால் எந்த விஞ்ஞானம்?

இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் எதிரி'யில் ஊர்க் குளியல் நீர் நஞ்சாகிவிட்டது என்று சொல்லும் மருத்துவர் தனித்து விடப்படுகிறார். சத்யஜித் ராய் 1989இல் 'கணசத்ரு' என்று அதைப் படமாக்கியபோது குளியல் நீர் கோயில் தீர்த்தமாயிற்று. இரண்டிலும் மருத்துவர் கையில் ஆய்வுகூட அறிக்கை இருக்கிறது. நம் கதையில் தண்ணீர் பற்றிப் பேசியவர்களிடம் மேடை கேட்க வேண்டியது அதைத்தான்: அறிக்கையைக் காட்டுங்க சேர். காத்தான்குடிப் பிள்ளைக்கு மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்பது தெரியும். எத்தனை அடியில் நீர், செத்த உடலில் கிருமி எத்தனை நாள், மண் அதை வடிகட்டாதா என்று அந்தப் பிள்ளை கேட்டால் அது மரியாதைக் குறைவல்ல. உயர்தர உயிரியல் வகுப்பு அதற்குத்தானே இருக்கிறது?

இதைவிடக் கஷ்டமான கேள்வியும் உண்டு. ஏப்ரலின் அந்த முதல் நாட்களில் பயம் பொய்யல்ல, ஆதாரமும் முழுமையாக இல்லை. அப்படியான நேரத்தில் முன்னெச்சரிக்கையின் பாரத்தை யார் சுமப்பது? அதிகாரி வேடம் போடும் மாணவன் தானே நம்பக்கூடிய ஒரு நியாயத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாமல் திணறினாலும் நல்லது, அந்தத் திணறலைச் சபை பார்க்கட்டும்.

வடிவத்துக்கும் தூரம் போக வேண்டாம். மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும். நம்மட களிகம்பும் பொல்லடியும் வட்டமாகத்தான் ஆடப்படுகின்றன. பார்வையாளரை எழுப்பி நடிகரின் இடத்தில் நிறுத்திய பிரேசில்காரர் ஒகஸ்டோ போல் இதைக் கண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒலிவாங்கியும் திரைச்சீலையும் கொண்ட பாடசாலை மண்டபம்தான் நாடகத்தைப் பிரசங்கமாக்கியது. அதோடு போட்டி நடுவர்கள் வேறு "இதில் என்ன செய்தி?" என்று கேட்டு வைக்கிறார்கள். (நாடகம் கூடுமா கூடாதா என்ற பழைய வழக்கை இங்கே அவிழ்க்கவில்லை. பாடசாலைகள் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன.)

ஆனால் எரிப்பைப் பற்றி மட்டும் பேசும் அரங்கு நம்மைச் சும்மா விட்டுவிடும். நாம் கேட்கும் கேள்வி நம் பக்கமும் திரும்ப வேண்டும். திடீர் மௌத்து ஒன்று. சட்ட வைத்திய அதிகாரிக்குச் சந்தேகம், பிரேத பரிசோதனை வேண்டும் என்கிறார். ஆசுபத்திரி வாசலில் ஊர் நிற்கிறது: "அஸருக்கு முந்தி ஜனாஸாவத் தாங்க டொக்டர், வெட்டிக் கொத்தாதீங்க." மையித்தின் கண்ணியமும் உண்மை, மரணக் காரணம் தெரிய வேண்டிய கடமையும் உண்மை. செத்தது புகுந்த வீட்டில் இருந்த இளம் பெண் என்றால்? வாசலில் நின்று சத்தம் போடுபவர் அவளுடைய மாப்பிள்ளைதான் என்றால்?

இன்னொன்று தலசீமியா. மாமி மகளை முடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இருவருமே நோய்க்காவிகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு 25%. சாதாரண இரத்தப் பரிசோதனையில் காவியா என்று தெரிந்துவிடும். ஆனால் நிக்காஹ் நாள் குறித்த பிறகு முடிவு வந்தால் யாரிடம் சொல்வது? வாப்பாவிடமா, மாப்பிள்ளை வீட்டிலா, அந்தப் பிள்ளையிடம் மட்டுமா? "சொல்லிராதீங்க டொக்டர், கலியாணம் குழம்பிப் போகும்" என்று உம்மா கெஞ்சும் இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, களரிக்குள் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து முதல் ஆள் எழும்பினால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.