பேட்டை டிடிபி மேசையில் ரேம் சோதனை: விலைக்கு முன் போர்டைப் பாருங்கள்

திருநெல்வேலி பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, அரசு தொழிற்பயிற்சி நிலையம் மூன்றும் இருக்கின்றன. புராஜெக்ட் அச்சுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் இங்கே ஓய்வே கிடையாது. இந்த வேலைகள் நடக்கும் ஒரு டிடிபி கடையின் மேசைக்கணினிக்கு ரேம் கூட்டிப் பார்த்தோம். ஹெச்81 சிப்செட் மதர்போர்டு, இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, ஒற்றை 4 ஜிபி டிடிஆர்3 ரேம். போட்டோஷாப்பும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. ரேம் நிரம்பி, மிச்ச வேலை டிஸ்க்குக்குப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எது பொருந்தும்?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் காடி வெவ்வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3-க்கு 240 பின், மற்ற இரண்டுக்கும் 288. மாற்றிச் செருக முடியாது, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். லேப்டாப் ரேம் அளவிலேயே சிறியது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாததில்தான் பணம் போகிறது. இந்தத் தலைமுறை இன்டெல் பிராசஸர், ஒரு சிப்புக்கு 4 கிகாபிட் வரைதான் ஏற்கும். எனவே 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் என்றால் இரு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். எட்டே சிப்பில் 8 ஜிபி கொடுக்கும் ஸ்டிக்கைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. ஜி41 போன்ற இன்னும் பழைய போர்டுகளில் வரம்பு சிப்புக்கு 2 கிகாபிட். அங்கே 4 ஜிபி ஸ்டிக்குக்கே 16 சிப் வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது. மலிவாக வரும் சில 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டில் மட்டுமே ஓடும். அவற்றின் சிப்புகள் 4 பிட் அகலம் கொண்டவை, இன்டெல் டெஸ்க்டாப்புக்கு 8 அல்லது 16 பிட் வேண்டும். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் இதே போல ஆசை காட்டும், டெஸ்க்டாப்பில் ஓடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், "இன்டெல் ஹெச்81-ல ஓடும்லா? ஓடலேன்னா திருப்பி எடுத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

போட்டுப் பார்த்தது

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்டிக்கின் பொன்னிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் துடைத்தோம். அதே 1600 வேகத்தில் இன்னொரு 4 ஜிபியைப் பக்கத்து ஸ்லாட்டில் கிளிப் விழும்வரை அழுத்தினோம். பயாஸ் 8 ஜிபி காட்டியது. மெம்டெஸ்ட் முழுச் சுற்று ஓடியது, பிழை எதுவும் இல்லை. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. அரைகுறை ரேம் உடனே காட்டிக்கொடுக்காது, மாணவரின் கோப்பைக் கெடுத்த பிறகுதான் தெரியும்.

போட்டோஷாப்பிலிருந்து பிரவுசருக்குத் தாவும்போது இருந்த இழுவை போய்விட்டது. ஒற்றை ஸ்டிக்கில் நொடிக்கு 12.8 ஜிகாபைட்டாக இருந்த உச்ச அலைவரிசை, ஜோடியில் 25.6 ஆகிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி திரைக்கும் இதே ரேமைப் பயன்படுத்துவதால் அங்கும் பலன் உண்டு. ஆனால் பக்க வடிவமைப்பில் கைக்குத் தெரிந்த மாற்றம் கொள்ளளவால் வந்ததே.

4-உம் 8-உம் கலந்தும் போடலாம். முதல் 8 ஜிபி ஜோடியாகவும் மிச்சம் ஒற்றையாகவும் ஓடும், வேகம் இரண்டில் குறைந்ததற்கு இறங்கும்.

புது போர்டு வைத்திருப்பவர்களுக்கு

ஹெச்610 போர்டு டிடிஆர்4-லும் வருகிறது, டிடிஆர்5-லும் வருகிறது. பல மாடல்களில் பெயரின் முடிவில் 'டி4' என்று இருந்தால் டிடிஆர்4. ஏஎம்டி ஏஎம்5 சாக்கெட் என்றால் டிடிஆர்5 மட்டுமே. ஹெச்410-இல் பத்தாம் தலைமுறை ஐ3-க்கு 3200 ரேம் வாங்கினாலும் 2666-இல்தான் ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண். போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் சோதித்துத் தேர்ந்த ரேம் பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தீர்ப்பு

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூசியல் நுகர்வோர் ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. தவறான ஸ்டிக்குக்கு இனி இடமில்லை.

ஹெச்81 கணினிக்கு எங்கள் பரிந்துரை மொத்தம் 8 ஜிபி. இந்த போர்டு 16 வரை ஏற்கும், ஆனால் டிடிபிக்கும் கல்லூரி வேலைக்கும் அது தேவையில்லை. இந்தப் பிராசஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இணைய வேலை மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 16 ஜிபிக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதுதான் இந்தக் கணினிக்கு அடுத்த நல்ல செலவு.