கடற்சொல்லும் கரைவலையும்

1960களில் ஈழத்துப் பண்டிதர் சிலர் உழைப்போர் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கினர். மீனவரின் ‘கட்டுமரம்’ அதற்கு வெகுமுன்பே ஆங்கில அகராதியில் ஏறியிருந்தது!

இன்றோ, எழுத்தாளர் சிலர் அதே கடற்சொற்களை மண்வாசனைக்காகத் தூவுகின்றனர். இதுவும் போதாது என்போம் நாம். முல்லைத்தீவின் நாயாற்றுக் கரையில் ‘வாடை’ வெறும் குளிர்காற்றன்று. கடல் சீறித் தொழில் நிற்கும் மாரிக்காலம், அடுப்பெரியுமா என்னும் கவலை. ‘சம்மாட்டி’ என்ற சொல்லிலே கரைவலைக்கு உடையவன் நிற்கிறான். கயிறிழுப்போன் தன் பங்குக்குக் காத்து நிற்கிறான். 1984இல் போர் அம்மக்களைக் கரையிலிருந்து விரட்டியபோது இச்சொற்களும் அகதிகளாயின.

சொல்லை எடுத்துக்கொண்டு, அதனுள் உறையும் உழைப்பையும் உரிமையையும் கரையிலேயே விட்டுவருவது மக்கள் இலக்கியமாகாது.