டான்சிங் ரோஸின் வித்தை காலில் இருந்தது

'சார்பட்டா பரம்பரை' படம் 2021 ஜூலையில் வெளிவந்த பிறகு கையுறை மாட்டிய பையன்கள் எத்தனையோ பேர் ஒரு தடவையாவது அதில் வரும் குத்துச்சண்டை வீரர் டான்சிங் ரோஸாக மாறிப் பார்த்தார்கள். கையைத் தொங்கப் போடுவது, இடுப்பை ஒடித்து ஒரு ஆட்டம், எதிராளியின் முகத்துக்கு நேரே தலையை நீட்டி வா என்று அழைப்பது. அடுத்த நொடி மூக்கில் ஒரு குத்து விழும். அவர்கள் ரோஸின் கையைப் பார்த்தார்கள், தலையைப் பார்த்தார்கள். காலைப் பார்க்கவில்லை. மதுரை வட்டாரத்தில் இருந்துகொண்டு காலைக் கவனிக்காமல் விடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். அந்தக் காலைப் பழக்கும் கலையான சிலம்பம் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஷபீர் கல்லரக்கல் உயிர் கொடுத்த ரோஸுக்கு முன்மாதிரி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பிறந்து வளர்ந்த குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீது. 1995 செப்டம்பரில் கார்டிஃப் நகரில் ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது ரவுண்டில் நிறுத்தி ஃபெதர்வெயிட் பட்டத்தைப் பிடித்தபோது அவருக்கு வயது 21. மொத்தம் 37 சண்டை, 36 வெற்றி. அதில் 31 சண்டைகள் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே முடிந்தன. இந்தக் கணக்கு வைத்திருப்பவரை வெறும் கூத்துக்காரர் என்று ஒதுக்க முடியாது.

அவரிடம் என்ன விசேஷம்? சாதாரணக் குத்துச்சண்டை வீரர் குத்தப் போகிறார் என்பதை அவருடைய தோளே காட்டிக்கொடுத்துவிடும். அனுபவசாலிகள் அந்தத் தோளைப் பார்த்துத்தான் விலகுகிறார்கள். ஹமீது இடது கைக்காரர் என்றாலும் எந்தக் காலை வேண்டுமானாலும் முன்னால் வைப்பார். கால் மாறுகிற அந்தக் கணத்திலேயே, இடுப்புக்குக் கீழே கிடக்கும் கையிலிருந்து குத்து கிளம்பிவிடும். எதிராளி தோளைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடி தாடைக்கு வந்து சேர்ந்திருக்கும். 1997 டிசம்பரில் நியூயார்க்கில் கெவின் கெல்லியிடம் மூன்று தடவை தரையைத் தொட்டும் நாலாவது ரவுண்டில் அவரை வீழ்த்தினாரே, அதில் அந்தக் கோணல் குத்துகளின் பலத்தையும் பார்க்கலாம், ஆபத்தையும் பார்க்கலாம்.

இதைக் கற்றுக்கொடுத்தவர் டப்ளினிலிருந்து வந்து ஷெஃபீல்டில் குடியேறிய பிரெண்டன் இங்கிள். ஹமீது அவரிடம் சேர்ந்தபோது ஏழு வயது. இங்கிளின் கூடத்தில் தரையில் கோடுகள் வரைந்திருக்கும். பையன்கள் மணிக்கணக்கில் அந்தக் கோடுகளின் மேல் கால் மாற்றி மாற்றி நடக்க வேண்டும். ஜோடி போட்டுப் பழகும்போது தலையில் அடிக்கக் கூடாது, உடம்பில் மட்டும்தான். உலகம் கோமாளித்தனம் என்று பார்த்ததற்கு அடியில் இருந்தது இந்தச் சலிப்பூட்டும் சாதகம்தான்.

இதைப் படிக்கும் சிலம்பக்காரர்களுக்கு வேறொரு தரை நினைவுக்கு வந்திருக்கும். நம் வாத்தியார்களில் பலர் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிடுவதில்லை. கம்பு நுனியால் மண்ணில் கோடு கீறி, காலடி பழகு என்பார்கள். முன்கால் பின்னுக்குப் போகும், பின்கால் குறுக்கே வரும், இடுப்பு திரும்பும், முகம் வேறு திசைக்குப் போயிருக்கும். நாலு திசைக்கும் இதைச் செய்து உடம்பில் ஏறிய பிறகே கம்பு. ஏறிய பிறகும் ஒரு கைக்கென்று அது சொந்தமாவதில்லை; வலதிலிருந்து இடதுக்கும், இடதிலிருந்து வலதுக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஹமீது எந்தக் காலும் முன்னால் வரும்படி பழகியதை நம் பிள்ளைகள் பத்து வயதில் விளையாட்டாகச் செய்கிறார்கள்.

கிக்பாக்ஸிங் கூடத்தில் சிலம்பம் பழகிய பையனைக் கண்டுபிடிப்பது எளிது. பின்வாங்கும்போது நேராகப் பின்னால் போகமாட்டான். குறுக்கே ஒரு அடி வைத்து எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் போய் நிற்பான். அங்கிருந்து பார்த்தால் எதிராளியின் பின்கை அவனுக்கு எட்டாது, அவன் உதை எதிராளிக்கு எட்டும். இந்த ஒரு அடியைச் சொல்லிக்கொடுக்கவே பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். ஆனால், வந்த முதல் வாரத்திலேயே "நேரா நில்லு, ஆடாதே" என்று அதை அழித்துவிடுகிற கூடங்களும் உண்டு. இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதற்காகச் சிலம்பத்தை அப்படியே ரிங்குக்குள் கொண்டுபோகலாம் என்று சொல்ல வரவில்லை. ஐந்தடிக் கம்பு நடுவில் இருக்கும்வரை கை இடுப்பருகே இருப்பதில் தப்பில்லை. எதிராளி கிட்டே வருவதற்குள் கம்பு பேசிவிடும். கம்பை எடுத்துவிட்டால் அந்த ஐந்தடியும் போய்விடுகிறது. தாடைக்குக் காவல் இல்லை. கால் மட்டும் சிலம்பத்திலிருந்து வரட்டும்; கை குத்துச்சண்டையிலிருந்துதான் வர வேண்டும்.

கையைத் தாழ்த்தி நின்றதற்கு விலை கொடுத்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள். இங்கிளின் இன்னொரு சீடர் ஹெரால் கிரஹாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முடிந்தால் அடித்துப் பார் என்று மதுக்கூடங்களில் சவால் விட்டவர். 1990 நவம்பரில் ஜூலியன் ஜாக்சனுக்கு எதிராக எல்லா ரவுண்டிலும் முன்னிலையில் இருந்தார். நாலாவது ரவுண்டில் வந்த ஒரே குத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

சேவல் சண்டைப் படமான 'ஆடுகளம்' பார்த்த மதுரைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸைப் புரியவைப்பது சுலபம். அமெரிக்காவில் பென்சகோலாவைச் சேர்ந்த அவர் சண்டைச் சேவல் வளர்ப்பவர். தன் பாணியில் சிலவற்றைச் சேவலிடம் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முன்கையால் நேராகக் குத்தும் ஜாப் போட்டு வழி தேடும் வழக்கமெல்லாம் கிடையாது. எம்பிக்கொண்டே முதல் அடியாக, வளைத்துக் குத்தும் ஹூக் வரும். 2002 பிப்ரவரியில் மயாமியில் கிளென் கெல்லியுடன் மோதிய ஏழாவது ரவுண்டைத் தேடிப் பாருங்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார். கெல்லி ஆசைப்பட்டுக் கையை நீட்டுகிறார். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வலது கை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சண்டை அதோடு சரி.

ஆனால், ஜோன்ஸின் முதலீடு முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் இடையில் இருந்த வேகத்தில்தான். 35 வயதில், 2004 மே மாதம், ஆன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். நாலே மாதத்தில் கிளென் ஜான்சனும் சாய்த்தார். வேகம் கொஞ்சம் குறைந்ததும் தாங்கிப் பிடிக்க அடியில் வேறு எதுவும் இல்லை. ஹமீதுக்கும் இதே கதிதான்; அவர் 1998-லேயே இங்கிளை விட்டுப் பிரிந்தவர். 2001 ஏப்ரலில் மார்கோ அன்டோனியோ பரேரா நிதானமாக ஜாப் போட்டு, சுற்றி நடந்து, புள்ளிகளில் ஜெயித்தபோது ஹமீதின் கால் பழைய கோடுகளை மறந்திருந்தது என்பது என் கணிப்பு. ஆளை எதிர்பார்த்து நின்று ஒரே குத்தில் முடிக்கப் பார்த்தார். அன்று அவரிடம் மிச்சமிருந்தது பையன்கள் நகலெடுக்கிற அந்தக் கைதான்.

காலை விட்டுக் கையை மட்டும் பார்க்கும் இதே பிரச்சினை சிலம்பத்துக்குள்ளேயும் இருக்கிறது. போட்டிகளில் தனித்திறமை ஒரு பிரிவு, தொடுமுறை ஒரு பிரிவு. முன்னதில் தனியாளாகக் கம்பு சுற்றிக் காட்ட வேண்டும். பின்னதில் எதிராளியை நுனியால் தொட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கைதட்டு வாங்குவது முன்னதுதான். தலைக்கு மேலே இரட்டைக் கம்பு சுழல்வது பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால், எதிரில் ஒருவன் தொட வரும்போதுதான் காலடி எதற்கு என்று பிள்ளைக்குப் புரிகிறது. தொடுமுறை பழகாமல் சுற்று மட்டும் பழகியவன், கையைத் தொங்கப் போட்டு ரோஸ் ஆடுகிற பையனின் நிலையில்தான் நிற்கிறான்.

2024 ஜனவரியில் மதுரை உட்பட நான்கு நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் கிடைத்தது. பெற்றோர்கள் இப்போது நம்பிக்கையோடு பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இந்த நேரத்தில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிலோ, மேலூர், உசிலம்பட்டி மைதானங்களிலோ சிலம்ப வாத்தியாரும் குத்துச்சண்டைப் பயிற்சியாளரும் வாரம் ஒரு மாலை ஒரே பிள்ளைகளை வைத்துப் பழக்கிப் பார்க்கலாம். வாத்தியார் காலைப் பார்த்துக்கொள்ளட்டும், பயிற்சியாளர் தாடையைப் பார்த்துக்கொள்ளட்டும். தலையில் அடி இல்லை என்ற இங்கிளின் விதியை முதல் வருஷத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை, தரையில் கோடு போடச் சுண்ணாம்பு மட்டும் வேண்டும்.