லூயிஸ் காட்டும் படிப்பு நெறி

நூல்களை எடைபோட்ட திறனாய்வாளர் பலர். படிப்போரை எடைபோட்டவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சி. எஸ். லூயிஸ் (1898–1963). பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் பயிற்றியவர்; நார்னியா கதைகளாலும் கிறித்தவ சமய நூல்களாலும் உலகறிந்தவர். படிப்பைப் பற்றி அவர் ஆங்காங்கே எழுதியவற்றைத் திரட்டி, டேவிட் டௌனிங், மைக்கேல் மாட்லின் ஆகிய இருவரும் 2019இல் ‘தி ரீடிங் லைஃப்’ என்னும் தொகுப்பாக்கினர்.

இத்தொகுப்பில் நம் நெஞ்சைப் பெரிதும் கவர்வது பழைய நூல்களைப் பற்றிய பகுதி. அத்தனாசியுசின் சமய நூலொன்றுக்கு 1944இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரை அது. புதிய நூலொன்றைப் படித்தபின், பழைய நூலொன்றைப் படித்துவிட்டே அடுத்த புதியதைத் தொடுதல் வேண்டும் என்கிறார். பழையோர் பிழையே செய்யாதவர் என்பதன்று அவர் கருத்து. ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய மயக்கங்கள் உண்டு. அவர்தம் மயக்கம் இன்று நம்மை எளிதில் ஏமாற்றாது. அவர்தம் தெளிவோ நம் மயக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பழம்பெருமை பேசுவோர் ஊன்றி எண்ணவேண்டிய கருத்து இது.

தொகுப்பின் குறையும் கூறத்தக்கதே. ‘ஆன் எக்ஸ்பெரிமென்ட் இன் கிரிட்டிசிசம்’ (1961) என்னும் நூலில், ஒரு படைப்பு எத்தகைய படிப்புக்கு இடந்தருகிறது என்பதைக்கொண்டே அதன் தரத்தை அறியலாம் என்கிறார் லூயிஸ். நூலைத் தம் தேவைக்குக் கருவியாக்குவோர் ஒருசாரார். நூலிடம் தம்மை ஒப்படைத்து, அது தருவதை ஏற்போர் மற்றொரு சாரார். பிறர் கண்களால் உலகைக் காணும் பேறு பின்னவர்க்கே வாய்க்கும். பதினோர் அதிகாரங்களில் படிப்படியாக அவர் வளர்த்துச் செல்லும் வாதத்தின் முடிவுரையை, தொகுப்பு தனியே கொய்து தருகிறது. நூலிடம் நம்மை முழுதும் ஒப்படைக்கச் சொன்னவரையே மேற்கோள் துணுக்குகளாக்குவது முரண் அன்றோ? இதனை வாயிலாகக் கொண்டு மூலநூல்களுக்குள் புகுவார்க்கு நலமே; வாயிலிலேயே நின்றுவிடுவார்க்கு இழப்பு.

மதிப்புக்காகப் படிப்போரையும் லூயிஸ் கண்டிக்கத் தவறவில்லை. அவ்விடத்தைப் படித்தபோது நாம் சற்றே நாணினோம். பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நம் இல்லங்களில், கண்ணாடிப் பேழையுள் குறளும் சிலம்பும் வீற்றிருக்கின்றன. வருவோர்க்கு அவற்றைக் காட்டி மகிழ்கிறோம். இவர் தமிழர் என அவை சான்று பகர்கின்றன. அதுவும் நூலைக் கருவியாக்குதலே. பேழையைத் திறந்து, ஓர் அதிகாரத்தையேனும் பிள்ளைகளோடு அமர்ந்து படித்தால்தான் அந்நூல் நமக்கு உரியதாகும்.