செம்புக்கு உருவேற்றுகிறார்கள்!

செப்புத் தகட்டை வாங்கி, ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மந்திரத்தை முணுமுணுத்து உருவேற்றினால் சக்தி பிறக்கும் என்பான் மந்திரவாதி. நாம் நகைக்கிறோம். அதே செம்பைக் கம்பியாக்கி, இசைக்கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே பூட்டி, "நூறு, இருநூறு மணி நேரம் பாடவிடுங்கள், பிறகுதான் இன்னோசை பிறக்கும்" என்கிறான் மேனாட்டு வணிகன். இதற்கு மட்டும் வாய்பிளந்து நிற்பதா?

பழக்கத்தால் ஓசை மாறவே மாறாதா? மாறும். சேந்தமங்கலத்துப் பறைக் கலைஞரைக் கேளுங்கள். ஆட்டத்திற்கு முன் பறையை அனலில் காட்டுகிறார். தோலின் ஈரம் போகிறது, தோல் இறுகுகிறது, முழக்கம் கணீரென்று எழுகிறது. தெருக்கோடியிலே நிற்பவனுக்கும், யாரும் சொல்லாமலே, அம்மாற்றம் கேட்கிறது. புது ஒலிபெருக்கியின் தாள்கூம்பைத் தாங்கும் விளிம்பும் ஓட ஓடச் சற்றே இளகும். கருவி கொண்டு அளக்கலாம். அவை அசையும் பொருள்கள். கம்பியிலே அசைந்து தேய்வது எது? ஒலிக்குரிய மின்னலை நொடிக்கு 20 முதல் 20,000 தடவை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. செம்பின் உள்ளமைப்பை மாற்ற உலையிலே வாட்டவேண்டும். பாட்டுப் பாடி மாற்ற இயலாது! நாளானால் முனையிலே களிம்பு ஏறும். அது கேடே தவிர மேன்மையன்று.

மாறுவது கேட்பவர் செவி. இல்லை, செவிக்குப் பின்னுள்ள மனம். விலை கொடுத்தவன் வீண் என்று ஒப்ப விரும்புவானா? அதற்குள் பொருளைத் திருப்பித் தரும் தவணையும் கழிந்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு!

அற்புதம் காட்டுவோர்க்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் இலங்கையிலே அறைகூவினார் பகுத்தறிவாளர் கோவூர். 1978இல் அவர் மறையும் வரை ஒருவரும் அதைப் பெறவில்லை. அவ்வழியிலே 2007இல் அமெரிக்காவின் சேம்சு ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒலிக்கம்பியைச் சாதாரணக் கம்பியினின்று செவியால் மட்டுமே பிரித்தறிந்தால் பத்து இலட்சம் டாலர் என்றார். பேச்சு வளர்ந்தது, சோதனை நடக்கவில்லை. 2015இல் அவருடைய பரிசுத் திட்டம் முடிவுற்றது. பரிசு கைபடாமலே இருந்தது.

மைக் செட் வைத்துப் பிழைக்கும் நம் இளைஞன், கடன் வாங்கி இக்கம்பியைத் தேடவேண்டியதில்லை. ஐயமிருந்தால் ஒரே நாளில் வாங்கிய இரு கம்பிகளை எடுக்கட்டும். ஒன்றை முந்நூறு மணி நேரம் ஓடவிடட்டும். மற்றது பெட்டியிலேயே கிடக்கட்டும். திரைக்குப் பின்னே நண்பர் ஒருவர் நாணயம் சுண்டிக் கம்பியை மாற்றட்டும். இருபது தடவையில் பதினைந்தேனும் சரியாகச் சொன்னால் பேசலாம்; குருட்டாம்போக்கிலே அப்படி அமைவது ஏறத்தாழ 50க்கு 1. அதுவரை, கரகரப்புக் கேட்டால் முனைத் திருகை இறுக்கி, களிம்பைச் சுரண்டிவிட்டால் போதும்.