திரிதல் என்னும் வினை

வேறுபாட்டைக் குறிக்கும் தமிழ் வினைகளுள் ‘திரிதல்’ என்பது நம் இலக்கண ஆசிரியர் பெரிதும் ஆண்ட சொல்லாகும். அலைதல், சுழலுதல், வேறுபடுதல், கெடுதல் என இதன் பொருள்களை அகராதிகள் அடுக்கிச் செல்லும். அவை தம்முள் எவ்வாறு இயைபுடையன என்பதைக் கூறா. அவ்வியைபு அறியாக்கால் தொல்காப்பியத்துச் சில இடங்களைப் பிறழ உணர நேரும் ஆதலின், ஈண்டு அதனை ஆராயப் புகுகின்றோம்.

இச்சொல்லின் முதற்பொருள் சுழற்சியே என்பது எம் கருத்து. தெலுங்கு, கன்னட மொழிகளின் ‘திருகு’ என்னும் வினையும் மலையாளத்துத் ‘திரியுக’ என்பதும் திரும்புதற் பொருளனவே. தமிழிலும் கயிறு திரித்தல், விளக்குத் திரி, திரிகை என்பன அப்பொருளைக் காத்து நிற்கின்றன. திரித்த நார் கயிறாயினும் நார் அழிந்துபடுவதன்று. ஆகவே, அடிப்பொருள் நிலைத்து நிற்ப, அதன் நிலை மட்டும் பிறிதாதலே திரிதல் எனல் தகும். ‘மாறுதல்’ இதனின் வேறு. பண்டமாற்றில் ஒன்று போக மற்றொன்று அதனிடத்து வரும்; திரிதலில் போவதும் வருவதும் இல்லை.

பாலை எடுத்துக்கொள்வோம். பிரையிட்ட பால் தோய்ந்து தயிரானால் அதனைத் ‘திரிந்தது’ என எவ்வீட்டிலும் கூறார். தோயாது கெட்டதனையே அவ்வாறு கூறுவர். தயிர் வேறு பெயர் பெற்ற வேறு பொருள். கெட்டதோ இன்னும் ‘திரிந்த பால்’தான். நிலத்தின் இயல்பால் நீர் திரிவதனை வள்ளுவர் சிற்றினம் சேராமைக்கு உவமையாக்கினார். சுவை வேறுபடினும் நீர் நீரே. வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாவதனை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் கூறுங்கால், பாலையை ஒரு ‘படிவம்’ என்றே குறித்தார். நிலம் அதுவே என்பது அச்சொல்லால் பெறப்படும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியர் புணர்ச்சி வேறுபாடுகளை மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாக்கி, மூன்றனையும் திரிபு என்றார். பொற்குடம், யானைக்கோடு, மரவேர் என்னும் மூன்றும் அவர்க்குத் திரிபே. பவணந்தியாரோ தோன்றல், திரிதல், கெடுதல் என வகுத்து, மூன்றற்கும் பொதுப்பெயராக ‘விகாரம்’ என்பதைக் கொண்டார். பொதுப்பெயராய் இருந்தது ஒரு வகையின் பெயராய்ச் சுருங்கிற்று. இது வெறும் பெயர் வேற்றுமை அன்று. முன்னவர் சொல்லை நோக்கினார். ஓர் ஒற்றுக் கெட்டும் மரம் என்னும் சொல் மரவேரில் நிற்கின்றது. எனவே அது திரிந்தது என்றல் பொருந்தும். பின்னவர் எழுத்தை நோக்கினார். கெட்ட மகர ஒற்றைத் திரிந்தது என்றல் இயலாது. வடசொல்லை நாட வேண்டிய நெருக்கடி அவர்க்கு நேர்ந்தது இதனாலேயே எனக் கருதுகின்றோம்.

மிக்க சிக்கல் உடையது திரிசொல். சேனாவரையர் திரிபை உறுப்புத் திரிதல், முழுவதும் திரிதல் என இரண்டாக்கி, முன்னதற்குக் கிள்ளை, மஞ்ஞை என்பவற்றையும், பின்னதற்கு விலங்கல், விண்டு என்பவற்றையும் காட்டினார். கிளி கிள்ளையாயிற்று, மயில் மஞ்ஞையாயிற்று என்பது ஏற்புடைத்தே. மலை என்னும் சொல் விலங்கலாயது எங்ஙனம்? விலங்கல் என்பது குறுக்கிடுதற் பொருளதாகிய ‘விலங்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த தனிச்சொல். மலை என்பதன் ஓர் எழுத்தின் சாயலேனும் அதனுள் உளதாயின் திரிபு எனலாம். முழுவதும் திரிந்தபின் திரிந்தது யாது என்னும் வினாவுக்கு விடை இல்லை. நுண்மாண் நுழைபுலம் மிக்க அவ்வுரையாசிரியர் ஈண்டு வினையின் பொருளை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தனர் என்றே கூறவேண்டியுளது.

இதற்கு வலியூட்டுவது தொல்காப்பியர் கூறும் இரண்டாம் வகை. பல பொருள் குறித்த ஒரு சொல்லையும் அவர் திரிசொல் என்கின்றார். உரைகள் காட்டும் ‘எகினம்’ அன்னம், கவரிமா, புளி, நாய் என்னும் பொருள்களைத் தரும். அதன் வடிவில் எவ்வுறுப்புத் திரிந்தது? ஒன்றும் இல்லை. வடிவத் திரிபு என்னும் கொள்கை இங்கு முற்றும் கைவிட்டுவிடுகின்றது.

ஆயின் திரிந்தது எது? இயற்சொல்லைச் செந்தமிழ் நிலத்து வழக்கொடு பொருத்தி இலக்கணம் கூறுகின்றார் ஆசிரியர். அதன் எதிர்நிலையாகிய திரிசொல்லையும் வழக்கொடு வைத்தே உணர்தல் முறை. பலரும் வழங்கும் நேர்நெறியினின்றும் திரும்பி, செய்யுளின்பாற் சென்ற சொல் என்பதே பொருள். இப்பொருளில் விலங்கலும் எகினமும் இடர்ப்பாடின்றி அடங்கும், கிள்ளையும் அடங்கும். சுழலுதல், திரும்புதல் என்னும் முதற்பொருளும் ஈண்டுக் கெடாது நிற்கின்றது.

பிற்காலத்தே ‘திரித்துக் கூறல்’, ‘திரிபுவாதம்’ என இச்சொல் பழிப்பொருள் பெற்றது. பால் கெடுதலை ஒத்த வழக்கினின்றும் வந்த நிறம் அது. 2021-இல் கொரோனாத் தொற்றின் புதிய வகைகளை நாளிதழ்கள் ‘திரிபு’ என எழுதியபோது, பழிப்பின்றிப் பழைய பொருளே மீண்டது: தீநுண்மி அதுவே, உறுப்பிற் சில வேறு.