கடலழகும் மீன்வாடையும்

நெய்தல் நிலத்தைப் பாடிய பழம் பாட்டுக்களுள் நற்றிணையின் 45ஆம் செய்யுள் எனக்கு மிகவும் உவப்பானது. தேரேறி வந்த செல்வர் மகன் ஒருவன் பரதவர் பெண்ணொருத்தியை விரும்பி நிற்கிறான். தோழி அவனை மறிக்கிறாள். நீ கொடிகள் ஆடும் கடைத்தெருக்கள் நிறைந்த பழைய ஊரைச் சேர்ந்தவன். நாங்களோ சுறாவை அறுத்து உலரப்போட்டு, அதனைக் கவரவரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். எங்கள்மீது மீன் நாறும், எட்ட நில் என்கிறாள். அத்துடன் அவள் நிறுத்தவில்லை. கடல் தரும் எங்கள் சிறு வாழ்வு உங்கள் வாழ்வுக்கு நிகரன்று. ஆயினும் எங்களுக்குள்ளும் பெருமைக்குரியோர் உண்டு என்றும் கூறிவிடுகிறாள். வர்க்க வேறுபாட்டை இத்தனை நேராகவும் இத்தனை தன்மானத்தோடும் பேசிய பாட்டுக்கள் சங்க நூல்களில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். மீன்வாடையை அது மறைக்கவில்லை; அதனையே தன் வாதத்துக்கு ஆதாரமாக நிறுத்துகிறது.

அண்மையில் ஒரு மாலை, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் புதிதாகத் திறக்கப்பட்ட ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது இப்பாட்டு என் நினைவுக்கு வந்தது. எங்கள் பாடசாலையிலிருந்து இடமாற்றம் பெற்றுச் செல்லும் நண்பர் ஒருவருக்கு அங்கே பிரியாவிடை விருந்து. வழமையாக ஆசிரியர் அறையிலேயே சோற்றுப் பார்சலோடு முடிந்துவிடும் வைபவம் இது. இம்முறை இளம் ஆசிரியர் சிலர், புதிய இடத்தைப் பார்த்துவிடுவோமே என்றனர். பார்ப்பதற்கு மாதச் சம்பளத்தில் ஒரு கணிசமான பங்கு தேவைப்பட்டது. அவ்வுணவகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் மாற்றினால் இன்னும் பத்து இடங்களுக்கு இக்கட்டுரை பொருந்தும்.

இலக்கிய இதழில் உணவகத்தைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் கேட்கலாம். எனக்கு அது ஒரு நூலைப் போலவே தோன்றியது. அதற்கு ஓர் உருவம் உண்டு, நடை உண்டு, வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட செய்திகளும் உண்டு. அவ்வாறே அதனை விமரிசிக்க முற்படுகிறேன்.

வாடி என்பது யாதென இப்பகுதியாருக்கு விளக்க வேண்டியதில்லை. பருவத்துக்குப் பருவம் கரைமாறித் தொழில் செய்யும் கடற்றொழிலாளர், கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து, வலையையும் எஞ்சினையும் கருவாட்டையும் தம்மையும் ஒருங்கே அடைத்துக்கொள்ளும் குடில் அது. மழைக்கு ஒழுகும், பெருங்காற்றுக்குக் கூரை போகும். உணவகத்தார் இதனை அலங்காரமாக்கியிருந்தனர். வரிசையாக ஆறு வாடிகள். தூண்களிலே பழைய வலைத்துண்டுகள். அவற்றில் ஒரு செதில்கூட இல்லை. மூலையில் உடைந்த தோணியொன்று, அதனுள் பூச்செடிகள். கதிரைகள் யாவும் மேற்கு நோக்கியே போடப்பட்டிருந்தன. அமர்ந்தால் கடலும், மறையும் சூரியனும், பட்டத்தின் கயிற்றைப் பிடித்து அலைமேல் சறுக்கும் வெளிநாட்டினரும் மட்டுமே தெரிவர். கிராமமும் களப்பும் முதுகுக்குப் பின்னே போய்விடும். தெற்கே தெரியக்கூடிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை உயரமான ஓலைத்தட்டியொன்று மறைத்தது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் அவர்களுக்கு ஒரு கைதேர்ந்த நாவலாசிரியனின் தெளிவு இருந்தது.

உணவுப் பட்டியல் ஆங்கிலத்திலும் ருஷ்ய மொழியிலும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. (ஒரு காலத்தில் ருஷ்ய மொழியிலிருந்து நாம் எதிர்பார்த்தவை வேறு நூல்கள்!) 'மீனவன் குழம்பு' என்று ஒரு வகை. 'பாட்டி சமைத்த கணவாய்' என்று இன்னொன்று. எந்த மீனவன்? எவருடைய பாட்டி? மீனவன் வீட்டில் விலைபோகும் மீன் குழம்பாவது அரிது. அறக்குளாவும் பாரையும் சிங்கி இறாலும் ஐஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பேலியகொடை மீன்சந்தைக்கோ ஏற்றுமதிக்கோ புறப்பட்டுவிடும். வீட்டுச் சட்டிக்கு எஞ்சுவது சூடையும் கீரியும், அதுவுமில்லையேல் கருவாடு. பட்டியலில் இருந்த 'களப்பு இறாலின்' கதை இன்னும் நீளமானது. 1980களிலிருந்து புத்தளம் மாவட்டத்தில் ஏற்றுமதிக்கென இறால் பண்ணைகள் பெருகின. கண்டற்காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பணம் போட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். உப்பேறிய குழிகள் இங்கேயே கிடந்தன.

மீன் நன்றாக இருந்தது. இதனை ஒப்புக்கொள்ளாவிடின் நான் பொய்யனாவேன். தணலில் வாட்டிய பாரை; புளியும் மிளகும் அளவறிந்து இட்ட கை. உழைக்கும் மக்களின் பெயரால் நல்லுணவை வெறுப்பது முற்போக்கு ஆகாது. அந்தப் பாரையை அதனைப் பிடித்தவனும் உண்ண வேண்டும் என்பதே நம் கட்சி.

பரிமாற வந்த இளைஞன் என் பழைய மாணவன். "சேர்" என்று முகம் மலர்ந்தவன், உடனே மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய தந்தையாரை நான் அறிவேன். மன்னார்க் கரையில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றியபோது சிறுவனாக இங்கு வந்தவர். அவ்வாறு வந்தோரில் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தங்க நேர்ந்தது. ஒரு கடலை இழந்தவர், இங்கே இன்னொரு கடலைக் கற்றுக்கொண்டார். இப்போது நாங்கள் கதிரை போட்டிருந்த இடத்துக்கு அண்மையில்தான் அவர் பங்காளியாயிருந்த வாடி நின்றது. காணி கைமாறியதும் வாடி போயிற்று. உறுதி எங்கே என்று கேட்டார்களாம். வாடிக்கு உறுதி எழுதும் வழக்கம் எந்தக் கரையிலும் இல்லை.

இது ஒருவர் கதையன்று. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய பெரும் சுற்றுலாத் திட்டம், போர் முடிந்த 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்னெடுக்கப்பட்டபோது, கரைக்குச் செல்லும் வழிகள் அடைபடுவதையும் வலையிழுக்கும் இடங்கள் பறிபோவதையும் கடற்றொழிலாளர் அமைப்புக்கள் எதிர்த்தன. கரைவலைக்காரர் தமக்குரிய கரைப்பகுதியைப் 'பாடு' என்று சொல்லுவர். உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான். இருமருங்கும் நின்று வடம் பிடித்து இழுக்கும் அத்தொழிலுக்குக் கடல் எவ்வளவு தேவையோ அவ்வளவு கரையும் தேவை. உடப்பில் அந்த இழுப்போடு பிறந்த அம்பாப் பாடல்களை நாம் நாட்டார் இலக்கியம் என்று போற்றுகிறோம். கருத்தரங்குகளில் பாடிக் காட்டுகிறோம். பாடியவர்கள் கால் ஊன்றி நின்ற மணல் யாருக்குச் சொந்தமாகிறது என்று எந்தக் கருத்தரங்கில் கேட்டோம்?

தொழில் கொடுக்கிறார்களே என்று எங்கள் மேசையில் ஒருவர் சொன்னார். கொடுக்கிறார்கள், என் மாணவன் அதற்குச் சாட்சி. ஆனால் அவன் தந்தையாருக்கு இருந்ததும் தொழில்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. சிறு படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. அன்று முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர், கடன் தீரும்வரை அவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டும். கரையில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் விலையைவிட, எங்கள் தட்டில் வைத்த ஒரு துண்டின் விலை அதிகம். இவ்விரு விலைகளுக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமில்லை.

1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே இருக்கவிடாது, வேறு பாத்திரத்தில் தேநீர் ஊற்றிய கடைகளுக்குள் அவர்கள் துணிந்து நுழைந்தார்கள்; அடிபட்டார்கள்; உயிரும் கொடுத்தார்கள். இன்றைய உணவக வாசலில் எவரையும் தடுப்பாரில்லை. விலைப்பட்டியலே காவற்காரன். அடைத்த கதவைத் தட்டலாம். திறந்து கிடக்கும் கதவை என்ன செய்வது என்பதற்கு நம் இயக்கங்கள் இன்னும் வழி காணவில்லை.

தந்தையார் எப்படி என்று கேட்டேன். விடியற்காலையில் இங்கேயே மீன் கொண்டுவந்து போடுகிறாராம், பின்வாசலால். "ஒருநாள் முன்னால வந்து பாருங்க வாப்பா எண்டு கூப்பிட்டேன் சேர். மேலெல்லாம் மீன் வாடை, வேணாம் எண்டுட்டார்."

நற்றிணைத் தோழி இதே சொல்லைத்தான் சொன்னாள். ஆனால் அவள் தன் கரையில் நின்று, வந்தவனை எட்ட நில் என்றாள். இவரோ தன் கரையிலேயே தான் எட்ட நிற்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் மண்வாசனைக்காக வாதாடினார்கள். அவ்வாதம் நியாயமானது, அது இல்லாவிடின் நம் பேச்சும் நம் ஊர்களும் இலக்கியத்தில் ஏறியிரா. ஆனால் மண்ணின்மீது உழைப்பவனுக்குள்ள உரிமையிலிருந்து பிரித்தெடுத்தால், வாசனை எங்கே போய்ச் சேரும் என்பதை அந்தக் கிடுகுக் கூரையின் கீழே கண்டேன். அதனைப் பிரித்தெடுக்கும் வித்தையை முதலாளிகளுக்குக் கற்பித்தவர் யார்?

இங்கே என்னைப் பற்றிய செய்தியொன்றைச் சொல்லியாக வேண்டும். அதே மாணவன் பத்தாம் தரத்தில் இருந்தபோது, 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். அவன் சூரியனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கரையெங்கும் மீன் நாற்றம் என்று தொடங்கி, கருவாட்டு உப்பில் உம்மாவின் கைவிரல்கள் வெடித்திருப்பதையும், இருட்டிய பின்னும் படகு வராவிட்டால் வீட்டில் எவரும் பேசாதிருப்பதையும் எழுதியிருந்தான். நான் 'நாற்றம்' என்ற சொல்லின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டேன். இயற்கை அழகை வருணிக்கவில்லை என்று குறிப்பெழுதி, 20க்கு 8 புள்ளி இட்டேன். பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தையும் குறிக்கும் என்று அதே வகுப்பில் படிப்பித்தவனும் நானே. அன்று வேறொரு மாணவனின் கட்டுரையை மாதிரியாக வாசித்துக் காட்டினேன். அதிலே சூரியன் பொற்றட்டாக இருந்தது, அலைகள் தாலாட்டின, மீனவர் பாடிக்கொண்டே வலை இழுத்தனர். அந்த உணவகத்தின் சுவரில் தொங்கிய படமும் அதேதான்.

அவனுக்கு அக்கட்டுரை நினைவிருந்ததா என்று நான் கேட்கவில்லை. எலும்புகளைத் திரட்டித் தட்டுக்களை எடுத்துக்கொண்டு போனான்.

இந்தத் தவணையில் பத்தாம் தரத்துக்கு அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறேன். மாதிரிக் கட்டுரை எதனையும் வாசித்துக் காட்டவில்லை. கொப்பிகள் மேசைமீது அடுக்கிக் கிடக்கின்றன. முதலாவதில் சூரியன் பொற்றட்டாகக் கடலில் இறங்குகிறது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதைக் கையில் எடுத்திருக்கிறேன்.